நிக்ஸ்ஓஎஸ்ஸில் வைஃபை கடவுச்சொல்லைப் பூட்டி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுக்குக் கம்பத்தில் வீடு, கம்பம்மெட்டு ஏறிப் போனால் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், குமுளியில் ஏலக்காய்க் கடை. மூன்று இடத்திலும் மூன்று வைஃபை. குடும்பத்தில் ஐந்து மடிக்கணினி. ஐந்திலும் நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ், ஐந்துக்கும் ஒரே கிட் ரெப்போ (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் களஞ்சியம்). மலையில் இடி விழுந்து ரௌட்டர் போகும்போதெல்லாம் எனக்குத்தான் போன் வரும். மச்சான், அக்கா மகன், தோட்டத்துக் கணக்கர், இவர்களைப் பார்த்து நிக்ஸுக்கு மாறிய இன்னும் சிலர் என மாற்றி மாற்றிக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஆப்ஷன், கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். புள்ளியும் சாய்கோடும் அப்படியே வரும்.

அறிவிப்பு முறை கான்ஃபிக் என்றால் என்ன?

மற்ற லினக்ஸில் இதை நிறுவு, அதைத் திருத்து, சர்வீஸை மறுபடி தொடங்கு என்று ஒவ்வொன்றாகச் செய்கிறோம். ஆறு மாதம் கழித்து என்ன செய்தோம் என்று நமக்கே நினைவிருக்காது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் கணினி கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கோப்பாக எழுதி வைக்கிறோம். அதுதான் கான்ஃபிக். அந்த நிலைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவும் கருவி 2003-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டால்ஸ்ட்ராவின் ஆய்வாகத் தொடங்கியது. அதன்மேல் கட்டிய முழு இயங்குதளம்தான் நிக்ஸ்ஓஎஸ்.

எங்களுக்கு இதில் உள்ள லாபம் எளிது. ஒரு மடிக்கணினி கெட்டால், புதியதில் அதே ரெப்போவை இறக்கினால் போதும், பழைய கணினி திரும்ப வந்துவிடும். அச்சுப்பொறி, தமிழ் விசைப்பலகை, எழுத்துரு எல்லாம் வரும். வைஃபையும் வர வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கடவுச்சொல்லைக் கான்ஃபிக்கிலேயே நேராக எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். நானும் செய்தேன். நெட்வொர்க்கிங்.வயர்லெஸ்.நெட்வொர்க்ஸ் என்பதற்குக் கீழே வைஃபை பெயர், அதன் பிஎஸ்கே என்ற இடத்தில் கடவுச்சொல். உடனே வேலை செய்யும். அதனால்தான் ஆபத்து.

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். பறிப்புக் காலத்தில் ராத்திரி முழுக்க அங்கே காவல் இருக்கும். நிக்ஸுக்கும் ஒரு ஸ்டோர் உண்டு, /நிக்ஸ்/ஸ்டோர் என்று. ஆனால் அந்த ஸ்டோருக்குக் கதவே கிடையாது. நீங்கள் எழுதிய கான்ஃபிக்கிலிருந்து உருவாகும் ஒவ்வொரு கோப்பும் அங்கே போய் உட்காரும்; கணினியில் கணக்கு வைத்திருக்கும் எந்தப் பயனரும், ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும் அதைப் படிக்கலாம். மாற்றத்தான் முடியாது. ஸ்டோரின் வடிவமைப்பே அப்படி. எனவே வைஃபையில் இணைக்கும் நிரலான டபிள்யூபிஏ சப்ளிகன்டுக்கான கோப்பு உங்கள் கடவுச்சொல்லோடு அங்கே திறந்து கிடக்கும். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத சாதாரணப் பயனராக உள்ளே நுழைந்து தேடிப் பாருங்கள், கிடைத்துவிடும்.

அதோடு போகாது. அந்த ஸ்டோரை இன்னொரு கணினிக்கு நகலெடுத்தால் கடவுச்சொல்லும் கூடப் போகும். ரெப்போவைப் பொதுவில் ஏற்றினால் உலகத்துக்கே போகும். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாமல் உட்கார்ந்து ரெப்போவை அழகுபடுத்திப் பொதுவில் வைத்தேன். மறுநாள் மச்சான் அதைப் பார்த்துவிட்டுக் கடை வைஃபையின் கடவுச்சொல்லைப் போனில் எனக்கே வாசித்துக் காட்டினான். கமிட்டை (பதிந்த மாற்றத்தை) அழித்தேன். ஆனால் அதற்குள் யார் நகலெடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மூன்று ரௌட்டரிலும் கடவுச்சொல்லை மாற்றினேன். வேறு வழி இல்லை.

பிஎஸ்கேரா என்ற ஆப்ஷனில் 64 எழுத்துக் குறியீடு போடலாமாமே? அது பூட்டியதுதானே?

இல்லை. பார்க்கத்தான் பூட்டிய மாதிரி இருக்கும்.

டபிள்யூபிஏ_பாஸ்ஃப்ரேஸ் என்ற கட்டளைக்கு வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் 64 பதினாறடிமான இலக்கங்கள் வரும். கடவுச்சொல்லை வைஃபை பெயரோடு சேர்த்து பிபிகேடிஎஃப்2 என்ற முறையில் 4096 முறை அரைத்து எடுத்த 256 பிட் சாவி அது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் இணைய அந்தச் சாவியே போதும், அசல் சொல் தேவையில்லை. ஆக, அந்த 64 இலக்கத்தைப் பார்த்தவர் உங்கள் வைஃபையில் தாராளமாக நுழையலாம். டபிள்யூபிஏ3 மட்டும் இயங்கும் ரௌட்டர் என்றால் அசல் சொல்தான் வேண்டும், அங்கே இந்த 64 இலக்கம் உதவாது.

இதில் நன்மை என்று பார்த்தால் ஒன்றுதான். அதே சொல்லை வேறெங்காவதும் பயன்படுத்தியிருந்தால் அது நேரடியாக வெளியே தெரியாது. அதுவும் சொல் வலுவாக இருந்தால்தான். எங்கள் பக்கம் பாதிக் கடைகளில் வைஃபை கடவுச்சொல் முதலாளியின் கைபேசி எண்தான். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் ஒரே நாளுக்குள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். பூட்டு வாங்கும் முன்பு இதை மாற்றுங்கள்.

ஒரே ஒரு மடிக்கணினிதான் வைத்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் தேவையா?

தேவையில்லை. நெட்வொர்க்மேனேஜர் என்ற இணைப்பு நிர்வாக நிரலை இயக்குங்கள், மேலே வலது மூலையில் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள், கடவுச்சொல்லை ஒருமுறை அடியுங்கள். அது /ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் கோப்புறையில் ரூட் மட்டும் படிக்கும்படி சேமித்துக்கொள்ளும். ஸ்டோருக்குப் போகாது, ரெப்போவுக்கும் போகாது. கணினியை மறுபடி நிறுவும்போது திரும்ப ஒருமுறை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கணினி மூன்றைத் தாண்டினாலோ, திரை இல்லாத கணினி ஏதாவது இருந்தாலோ மேற்கொண்டு படியுங்கள். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வெப்பநிலையைப் பதியும் சின்னக் கணினிக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. அதற்காகத்தான் நான் இதில் இறங்கினேன்.

சரி, பூட்டி வைப்பது எப்படி நடக்கிறது? முழுப் படத்தைச் சொல்லுங்கள்.

யோசனை ஒன்றுதான்: ரெப்போவிலும் ஸ்டோரிலும் பூட்டிய வடிவம் மட்டும் இருக்கட்டும்; ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ள சாவியால், இயங்கத் தொடங்கும் நேரத்தில், நினைவகத்தில் மட்டும் அதைத் திறந்துகொள்ளட்டும்.

சாவிக்கு எங்கே போவது? தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை இயங்கும் ஒவ்வொரு கணினியிலும் /ஈடிசி/எஸ்எஸ்எச் கோப்புறையில் அந்தக் கணினிக்கே உரிய ஈடி25519 சாவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தனிச் சாவியை ரூட் மட்டும்தான் படிக்க முடியும். பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம். பொதுச் சாவியால் பூட்டலாம், தனிச் சாவியால் மட்டுமே திறக்கலாம்.

பூட்டும் கருவி அகே. ஃபிலிப்போ வால்சோர்டா எழுதியது. ஏஜ் என்று படிக்கத் தோன்றும். அவர் ககரத்தை அழுத்தித்தான் சொல்லச் சொல்கிறார். எழுதும்போது மாறாது என்பதால் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அதற்குமேல் சாப்ஸ் என்ற கருவி. இது மொசில்லாவில் பிறந்தது. தலைப்பும் மதிப்புமாக எழுதும் யாம்ல் கோப்பில் தலைப்புகளை அப்படியே விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் பூட்டும். அதனால் கிட்டில் பார்க்கும்போது எது மாறியது என்று தெரியும், என்னவாக மாறியது என்று தெரியாது. இதை நிக்ஸ்ஓஎஸ்ஸோடு இணைக்கும் தொகுதிதான் சாப்ஸ்-நிக்ஸ்.

நான் செய்தது இந்த வரிசையில். முதலில் எனக்கென்று ஓர் அகே சாவியை அகே-கீஜென் கட்டளையால் உருவாக்கினேன். பிறகு ஒவ்வொரு கணினியின் எஸ்எஸ்எச் பொதுச் சாவியையும் எஸ்எஸ்எச்-டு-அகே என்ற சின்ன நிரலில் கொடுத்து அகே வடிவத்துக்கு மாற்றினேன். ரெப்போவின் உச்சியில் .சாப்ஸ்.யாம்ல் என்று ஒரு கோப்பு: எந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளை எந்தெந்தச் சாவிகள் திறக்கலாம் என்று அதில் எழுதினேன். என் சாவியும் ஐந்து மடிக்கணினிகளின் சாவியும் தோட்டத்து ஸ்டோர்க் கணினியின் சாவியும் அங்கே இருக்கின்றன. பிறகு சாப்ஸ் கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் எடிட்டர் திறக்கும். உள்ளே ஒயர்லெஸ் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வரிக்கு ஒன்றாக:

பிஎஸ்கே_வீடு=கடவுச்சொல்
பிஎஸ்கே_தோட்டம்=கடவுச்சொல்
பிஎஸ்கே_கடை=கடவுச்சொல்

சேமித்து மூடினால் கோப்பு பூட்டிக்கொள்ளும். யாம்லில் பல வரிகளை ஒரே மதிப்பாக வைக்கத் தலைப்புக்குப் பின் செங்குத்துக் கோடு போட மறக்காதீர்கள். அக்கா மகன் மறந்துவிட்டு ஒரு மாலை முழுக்க ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

கான்ஃபிக்கில் மூன்று இடம்தான். சாப்ஸ்.சீக்ரெட்ஸ் என்பதில் ஒயர்லெஸ் என்று அறிவிக்க வேண்டும். நெட்வொர்க்கிங்.வயர்லெஸ்.சீக்ரெட்ஸ்ஃபைல் என்பதற்கு அந்த ரகசியம் திறக்கப்படும் பாதையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வைஃபைக்கும் பிஎஸ்கேரா என்ற ஆப்ஷனில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக எக்ஸ்ட்:பிஎஸ்கே_வீடு என்கிற மாதிரி ஒரு சுட்டு. நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச் கட்டளையால் கான்ஃபிக்கைக் கட்டி அதற்கு மாறும்போது சாப்ஸ்-நிக்ஸ் கணினியின் தனிச் சாவியால் திறந்து /ரன்/சீக்ரெட்ஸ் கோப்புறையில், ரூட் மட்டும் படிக்கும்படி வைக்கும். அது நினைவகத்தில் உள்ள இடம், வட்டில் எழுதாது. டபிள்யூபிஏ சப்ளிகன்ட் அங்கே போய்த் தனக்கு வேண்டிய வரியைப் படித்துக்கொள்ளும். ஸ்டோரில் தேடிப் பாருங்கள்: எக்ஸ்ட்: என்ற சுட்டும் பூட்டிய குப்பையும்தான் அகப்படும்.

நான் பார்த்த குறிப்பில் என்விரான்மென்ட்ஃபைல் என்று இருக்கிறதே, இருபுறமும் அட் குறி போட்டு?

பழைய முறை. 24.11 பதிப்பில் அதை எடுத்துவிட்டு சீக்ரெட்ஸ்ஃபைல் கொண்டுவந்தார்கள். கடவுச்சொல்லை வெளிக் கோப்பிலிருந்து தானே படிக்கும் வசதி டபிள்யூபிஏ சப்ளிகன்டுக்கு வந்ததால் இந்த மாற்றம். அட் குறிகளை எடுத்துவிட்டு, பிஎஸ்கே என்று இருந்ததை பிஎஸ்கேரா ஆக்கி, எக்ஸ்ட்: சேருங்கள்.

அகேநிக்ஸா, சாப்ஸ்-நிக்ஸா?

அகேநிக்ஸும் இதே வேலையைச் செய்யும் தொகுதிதான். சின்னது, புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். ஒரு ரகசியத்துக்கு ஒரு கோப்பு, யார் திறக்கலாம் என்பதற்கு ஒரு நிக்ஸ் கோப்பு, திறந்தது /ரன்/அகேநிக்ஸில். வைஃபைக்கு மட்டும் என்றால் அதுவே தாராளம். எனக்கு மின்னஞ்சல், காப்புப்பிரதி என்று ரகசியங்கள் பெருகியதால் எல்லாவற்றையும் ஒரே யாம்லில் வைக்கும் சாப்ஸ் வசதியாக இருந்தது. இரண்டில் எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்களிடம் எனக்கு வேலை இல்லை.

நெட்வொர்க்மேனேஜரோடு இதைச் செய்ய முடியுமா?

முடியும். மச்சானின் கணினியில் அப்படித்தான். நெட்வொர்க்கிங்.நெட்வொர்க்மேனேஜர்.என்ஷ்யூர்ப்ரொஃபைல்ஸ் என்பதற்குக் கீழே வைஃபை விவரங்களை எழுதி, கடவுச்சொல் வரும் இடத்தில் டாலர் குறியோடு ஒரு மாறியின் பெயரைப் போடுங்கள். அந்த மாறியின் மதிப்பு இருக்கும் கோப்பை என்விரான்மென்ட்ஃபைல்ஸ் என்பதில் கொடுங்கள். ஆமாம், இங்கே அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது, அதுவும் பன்மையில். குழப்பம்தான்.

டபிள்யூபிஏ சப்ளிகன்டுக்கான நெட்வொர்க்கிங்.வயர்லெஸ்.எனேபிள், நெட்வொர்க்மேனேஜருக்கான எனேபிள் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு ரேடியோவுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகாது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு நெட்வொர்க்மேனேஜர், ஓரிடத்தில் நிற்கும் கணினிக்கு மற்றது என்பது என் வழக்கம். மச்சான் குமுளியிலிருந்து கோட்டயம்வரை போவான். வழியில் எந்த டீக்கடை வைஃபையையும் விடமாட்டான்.

ரகசியக் கோப்பை, கிட் கண்டுகொள்ளக்கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்-இக்னோரில் போட்டுவிட்டால் எளிதாக முடிந்துவிடுமே?

ஃப்ளேக் (நிக்ஸ் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் புதிய வடிவம்) பயன்படுத்தினால் கிட்டுக்குத் தெரியாத கோப்பு நிக்ஸுக்கும் தெரியாது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். எரிச்சலில் கிட் ஆட் செய்வீர்கள், கமிட் ஆகிவிடும். இப்படி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிட்-கிரிப்ட் பற்றியும் கேட்கிறார்கள். அது தொலைவில் உள்ள ரெப்போவில் பூட்டி, உங்கள் கணினியில் திறந்து வைக்கும். ஃப்ளேக்கோ உங்கள் கணினியில் இருக்கும் கோப்புகளை அப்படியே ஸ்டோருக்கு நகலெடுக்கும். திறந்த வடிவம் கதவில்லாத ஸ்டோருக்குள் போய்விடும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து போட்ட கதை.

இன்னொரு குழி, பில்ட்டின்ஸ்.ரீட்ஃபைல். பூட்டிய கோப்பைக் கையால் திறந்து, இதைக் கொண்டு கான்ஃபிக்குக்குள் வாசித்தால், வாசித்தது நேரே ஸ்டோருக்குப் போகும். பாதைகளும் அப்படியே. சீக்ரெட்ஸ்ஃபைல் என்பதற்கு எதிரே மேற்கோள் குறிக்குள் எழுதிய பாதை வெறும் சரம் (எழுத்துத் தொடர்). கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மேற்கோள் இல்லாமல் எழுதினால் அது நிக்ஸின் பாதை வகை. சரமாக மாற நேரும்போது நிக்ஸ் அந்தக் கோப்பையே ஸ்டோருக்குள் நகலெடுத்துவிடும். இரண்டு சின்னக் குறிகளில் இவ்வளவு வித்தியாசம். சாப்ஸ்-நிக்ஸ் தரும் பாதையைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

என் மடிக்கணினியில் எஸ்எஸ்எச் சேவையே இல்லை. சாவி எங்கிருந்து வரும்?

சாப்ஸ்.அகே.கீஃபைல் என்பதில் ஒரு பாதையைக் கொடுத்து, சாப்ஸ்.அகே.ஜெனரேட்கீ என்பதை ட்ரூ ஆக்குங்கள். கணினியே ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும். அதன் பொதுப் பகுதியை .சாப்ஸ்.யாம்லில் சேருங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ரூட் கோப்பமைப்பை அழித்துச் சுத்தமாக்கும் அமைப்பு வைத்திருப்பவர்கள், சாவியை அழியாத பகுதியில் வைத்து, அந்தப் பகுதி ஆரம்பத்திலேயே மவுன்ட் ஆகும்படி நீடட்ஃபார்பூட் போடுங்கள். இல்லாவிட்டால் சாவி வருவதற்கு முன்பே பூட்டைத் திறக்கப் பார்த்துத் தோற்கும்.

புதுக் கணினியில் வைஃபை வேண்டுமென்றால் ரகசியம் திறக்க வேண்டும். அதற்குச் சாவியை ரெப்போவில் சேர்க்க வேண்டும். அதற்கு இணையம் வேண்டும். இது என்ன வட்டம்?

வட்டம்தான். முதல்முறை வேறு வழியில் இணையம் கொடுத்து உடைக்க வேண்டும். கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் செய்வது எனக்குக் கைகொடுத்தது. தோட்டத்தில் சிக்னல் பாறை மேல் ஏறினால்தான் வரும் என்பதால் நான் நிறுவும் வேலையைக் கம்பத்திலேயே முடித்துக்கொண்டு ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறேன்.

இன்னும் சுத்தமான வழி, கணினியின் எஸ்எஸ்எச் சாவியை முன்கூட்டியே என் கணினியில் உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை ரெப்போவில் சேர்த்து, ரகசியங்களைப் புதுச் சாவிக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டு, நிறுவும்போது அந்தச் சாவியைக் கொண்டுபோய் வைப்பது. நிக்ஸ்ஓஎஸ்-எனிவேர் கருவியில் கூடுதல் கோப்புகளை அனுப்ப இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஸ்டோர்க் கணினியை அப்படித்தான் ஏற்றினேன். மேலே போய் மின்சாரம் கொடுத்ததும் வைஃபையில் தானாகச் சேர்ந்துகொண்டது.

புதுச் சாவியை .சாப்ஸ்.யாம்லில் எழுதினால் மட்டும் போதாது. சாப்ஸ் அப்டேட்கீஸ் கட்டளையை ஒவ்வொரு ரகசியக் கோப்புக்கும் ஓட்ட வேண்டும். என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான்.

ரௌட்டரில் கடவுச்சொல்லை மாற்றினால்?

சாப்ஸில் திறந்து மாற்றி, கமிட் செய்து, ஒவ்வொரு கணினியிலும் நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச். இதில் வரிசை முக்கியம். ரௌட்டரை முதலில் மாற்றினால், திரையில்லாத கணினி இணைப்பு அறுந்து புதுக் கடவுச்சொல்லைப் பெற வழியில்லாமல் மலையில் உட்கார்ந்திருக்கும். அதனால் சில நாள் முன்னதாகவே, அதே ரௌட்டரில் விருந்தினர் வைஃபையாகப் புதுப் பெயரையும் கடவுச்சொல்லையும் திறந்து, இரண்டையும் கான்ஃபிக்கில் வைத்து, எல்லாக் கணினிகளும் புதியதுக்கு மாறிய பிறகு பழையதை அணைக்கிறேன். ஒருமுறை மறந்துபோய்க் கம்பம்மெட்டு ஏறி இறங்கினேன். வரிசை அப்போது மனப்பாடம் ஆனது.

மாற்றியபின் பழைய ஜெனரேஷனுக்கு (முன்பு கட்டிய கணினி நிலைக்கு) திரும்பினால் அதனோடு பழைய பூட்டிய கோப்பும் திரும்பும். உள்ளே இருப்பது பழைய கடவுச்சொல். நிக்ஸ்ஓஎஸ்ஸில் பின்னால் போவது பத்திரம் என்று நம்பிப் போவோம், வைஃபை மட்டும் வராது. கெட்டுப்போகவில்லை, நீங்கள் கேட்டபடி பழைய நிலைக்குப் போயிருக்கிறது.

முன்பு நேராக எழுதியிருந்தேன், இப்போது பூட்டிவிட்டேன். பழையது போய்விட்டதா?

போகவில்லை. பழைய ஜெனரேஷன்கள் ஸ்டோரில் இருக்கும்வரை பழைய கோப்பும் இருக்கும். நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ் கட்டளையை ஹைஃபன் டி போட்டு ரூட்டாக ஓட்டினால் ஸ்டோர் சுத்தமாகும். கிட் வரலாறு ஆகாது. வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகளோடு மல்லுக்கட்டுவதைவிட ரௌட்டரில் கடவுச்சொல்லை மாற்றுவது பத்து நிமிட வேலை.

மடிக்கணினி தொலைந்தால்?

வட்டு முழுவதையும் லக்ஸால் குறியாக்கம் செய்திருந்தால் நிம்மதியாகத் தேடுங்கள். செய்யவில்லை என்றால், எடுத்தவர் வட்டைக் கழற்றிக் கணினியின் தனிச் சாவியைப் படித்து, கணினிக்குள் இருக்கும் ரகசியங்களை எல்லாம் திறக்கலாம். சாப்ஸ் ரெப்போவைக் காக்கும், வட்டைக் காக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் சாப்ஸ் போட்டுவிட்டேன் என்று திருப்திப்படுபவர்கள் நிறைய.

தொலைந்த கணினியின் சாவியை .சாப்ஸ்.யாம்லிலிருந்து நீக்கி அப்டேட்கீஸ் ஓட்டுங்கள். அது இனிமேல் வருவதற்குத்தான். கிட் வரலாற்றில் இருக்கும் பழைய வடிவங்களை அந்தச் சாவி என்றைக்கும் திறக்கும். எனவே மூன்று ரௌட்டரிலும் மாற்றம். தோட்டத்தில் வேலை பார்த்தவர் கணினியை ஒப்படைத்துவிட்டு நின்றுகொண்டாலும் நான் அப்படித்தான் செய்கிறேன். சந்தேகம் என்று இல்லை, வழக்கம்.

என் சொந்தச் சாவி தொலைந்தால்?

ஏதாவது ஒரு கணினி உயிரோடு இருந்தால் அதன் சாவியால் திறந்து புதிதாகப் பூட்டலாம். எல்லாமே போனால் திறக்க யாராலும் முடியாது. அகே தனிச் சாவி ஒரே ஒரு வரி. காகிதத்தில் அச்சடித்துத் தோட்டத்துப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அது என்ன என்று தெரியாது. தூக்கிப் போடக்கூடாது என்று மட்டும் தெரியும்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அளந்து வையுங்கள். வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். துணைக்காலும் புள்ளியும்கூடத் தனித்தனியே 3 பைட் கேட்கும். தேநீர்கடை என்றால் 9 குறியீடு, 27 பைட், உள்ளே அடங்கும். இலக்கணப்படி ஒற்று மிகுத்துத் தேநீர்க்கடை என்றால் 11 குறியீடு, 33 பைட். ஒரே ஒரு பைட்டில் வாசலில் நிற்கும். தமிழாசிரியர் வைஃபை வைத்தால் பாடுதான். மலையாளத்துக்கும் எழுத்துக்கு 3 பைட்தான், அதனால் குமுளியில் எதிர்க்கடைக்காரருக்கும் இதே கதி.

கடவுச்சொல்லில் தமிழ் வேண்டாம். டபிள்யூபிஏ2 எதிர்பார்ப்பது 8 முதல் 63 ஆஸ்கி எழுத்துகள்.

கல்லூரி வைஃபையில் பயனர் பெயரும் கேட்கிறது.

அந்த நெட்வொர்க்குக்கு ஆத் என்ற ஆப்ஷனில் ஈஏபி (உள்நுழைவு முறை) வகை, அடையாளம் எல்லாம் எழுதி, பாஸ்வேர்டு என்பதற்கு எதிரே மேற்கோள் இல்லாமல் எக்ஸ்ட்: சுட்டு. கல்லூரி தரும் சிஏ சான்றிதழ் ரகசியம் இல்லை, அதை ரெப்போவில் திறந்தே வைக்கலாம். அதை விட்டுவிடாதீர்கள். சான்றிதழ் சரிபார்க்காத கணினி, அதே பெயரில் யாராவது போலி வைஃபை திறந்தால் அங்கே போய் உங்கள் பயனர் விவரத்தை நீட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இணையவில்லை. எங்கே பார்ப்பது?

/ரன்/சீக்ரெட்ஸ் இருக்கிறதா என்று முதலில். இல்லையென்றால் சாவிப் பிரச்சினை. ஸ்விட்ச் செய்யும்போது வந்த செய்திகளைத் திரும்பப் படியுங்கள், எந்தச் சாவியும் பொருந்தவில்லை என்று இருக்கும். இருந்தால், உள்ளே உள்ள வரியின் பெயரும் எக்ஸ்ட்: சுட்டின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். சம அடையாளத்தின் இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். கடவுச்சொல்லுக்கு மேற்கோள் போடாதீர்கள், போட்டால் மேற்கோளும் கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். அப்புறம் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் எந்தப் பயனராக ஓடுகிறது, அந்தப் பயனருக்குக் கோப்பைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சாப்ஸ்.சீக்ரெட்ஸில் ஓனர் ஆப்ஷனால் கொடுக்கலாம். மாற்றிய ரகசியத்தைச் சேவை கண்டுகொள்ளவில்லை என்றால் ரீஸ்டார்ட்யூனிட்ஸ் ஆப்ஷனில் சேவையின் பெயரைச் சேருங்கள்.

கடைக்கு வருகிறவர்கள் வைஃபை கேட்கிறார்கள். இவ்வளவு பூட்டிவிட்டு அவர்களிடம் வாயால் சொல்வதா?

அவர்களுக்கு ரௌட்டரில் தனியாக ஒரு விருந்தினர் வைஃபை. அதன் கடவுச்சொல்லைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன். ஊருக்கே தெரிந்ததை ரெப்போவில் பூட்டி என்ன ஆகப்போகிறது? நெட்வொர்க்மேனேஜர் உள்ள கணினியை அந்த வைஃபையில் இணைத்து, என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை ஷோ-பாஸ்வேர்டு என்று அடித்தால் டெர்மினலிலேயே க்யூஆர் கட்டம் வரும். அதை அச்சடித்துத் தராசுக்கு மேலே ஒட்டிவிட்டேன். ஏலக்காய் எடை போடுகிற நேரத்தில் ஸ்கேன் செய்துகொள்கிறார்கள்.